கடைமடைப் பயிர்

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. சிகாகோவில் பணியாற்றிய ஐரா சாஸ்னாஃப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய துணைவர்களும் எழுதியது அது. கருவுற்ற காலத்தில் கோகெய்ன் என்னும் போதைப்பொருளைப் பயன்படுத்திய தாய்மார் 23 பேரை அவர்கள் கவனித்திருந்தார்கள். கருச்சிதைவும், நஞ்சுக்கொடி காலத்திற்கு முன்பே பிரிந்துவிடுவதும் அத்தாய்மாரிடையே மிகுதியாகக் காணப்பட்டன என்றும், பிறந்த சிசுக்கள் முகத்திற்கும் குரலுக்கும் எதிர்வினை காட்டுவதில் பின்தங்கியிருந்தன என்றும் எழுதினார்கள். இவை தொடக்க நிலைக் கவனிப்புகளே. முழுமையாக மதிப்பிட இன்னும் பல பேறுகளையும் நீண்ட காலத்தையும் காண வேண்டும் என்பதையும் அக்கட்டுரையிலேயே குறித்திருந்தார்கள்.

குறிப்பு அச்சில் அப்படியே கிடந்தது, பரவியது அச்சம். அடுத்த சில ஆண்டுகளில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் 'கிராக் குழந்தை' என்றொரு பெயரை எங்கும் பரப்பின. கோகெய்ன் தூளைச் சமையல் சோடாவும் நீரும் சேர்த்துக் காய்ச்சிப் புகைக்கத்தக்க சிறு கட்டிகளாக்கினால் அது கிராக். தூள் வசதி படைத்தவர்களின் விருந்துகளில் புழங்கியது. கட்டி விலை மலிவு. ஆகவே பெருநகரங்களின் ஏழைத் தெருக்களில், கருப்பின மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், அது விற்கப்பட்டது. பொருள் ஒன்றுதான், சட்டமோ இரண்டாக இருந்தது. 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, விற்பனைக்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தவருக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. தூளுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010-இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இத்தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் அறிவு குன்றியும், அன்பை உணரமாட்டாமலும், பின்னாளில் குற்றவாளிகளாகவும் வளர்வார்கள் என்று பொறுப்புள்ள மனிதர்களே பேசினார்கள். பிறந்து ஒரு வாரமும் ஆகாத சிசுவின் தலையில், அது இருபது ஆண்டு கழித்துச் செய்யப்போகும் குற்றத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள் எனலாம்.

நான் மருத்துவன் அல்லேன். கல்லூரியில் 31 ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் தங்கை மகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். போதைப் பழக்கத்தில் சிக்கிய தாய்மார், அவர்களின் பிள்ளைகள், அவர்களுள் ஏழைக்கு ஒரு விதமாகவும் செல்வருக்கு வேறு விதமாகவும் அமைந்துவிடும் உடல்நலமும் மருத்துவமும் ஆகியவையே அவள் ஆய்வுப் பொருள். எண்களில் ஐயம் எழுந்தால் மாமனை அழைப்பாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்கப் போய், இது குழந்தைகளைப் பற்றிய வரலாறு மட்டுமன்று, ஆய்வுலகில் புதிதாக அடியெடுத்து வைப்பவர்களைப் பற்றிய வரலாறும்தான் என்று கண்டேன்.

1989-இல் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த கிடியன் கோரனும் அவர் துணைவர்களும் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டிற்கு 1980 முதல் 1989 வரை வந்த ஆய்வுச் சுருக்கங்களில், கருவிலுள்ள சிசுவைக் கோகெய்ன் எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பற்றியவை மொத்தம் 58. தீங்கு உண்டு என்றவை 49. தீங்கு காணவில்லை என்றவை 9. முதல் வகையில் 28 ஏற்கப்பட்டன. இரண்டாம் வகையில் ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று. நிராகரிக்கப்பட்டவை தரம் குறைந்தவையோ என்று வாசகர் கேட்கலாம். இல்லை. தாய் உண்மையிலேயே கோகெய்ன் பயன்படுத்தினாரா என்பதைச் சரிபார்ப்பதிலும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைத்துக்கொள்வதிலும், தீங்கு காணாத ஆய்வுகளே பெரும்பாலும் கூடுதல் கவனம் காட்டியிருந்தன.

என் வகுப்பில் இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் நடத்தியதில்லை. ஓர் இளம் ஆய்வாளர் அந்த மாநாட்டு அரங்கில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐம்பத்தேழு ஒருபுறம், நூற்றுக்குப் பதினொன்று மறுபுறம். எந்தப் பக்கம் சோறு, எந்தப் பக்கம் பட்டினி என்பதை அவருக்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரும் பொய் எழுதவில்லை. எழுதப்பட்ட உண்மைகளில் எவை மேடை ஏற வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் கண்டுசொன்ன கோரனின் பிற்கால வரலாறு என்னை நெடுநேரம் அலைக்கழித்தது. அவர் தொடங்கி நடத்திய மதர்ரிஸ்க் என்ற ஆய்வகம், பெற்றோரின் தலைமுடியைச் சோதித்துப் போதைப் பழக்கத்தைக் கண்டறிந்து சொல்லும் வேலையைச் செய்தது. குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா என்று தீர்மானிக்கும் வழக்குகளில் அந்த அறிக்கைகள் சான்றாகப் பயன்பட்டன. 2015-இல் ஆய்வகத்தின் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 2005 முதல் 2015 வரை அங்கு நடந்த தலைமுடிச் சோதனைகள் அத்தகைய வழக்குகளுக்குப் போதுமானவையும் அல்ல, நம்பத்தக்கவையும் அல்ல என்று அதே ஆண்டு டிசம்பரில் தனி விசாரணை அறிக்கை கூறியது. பிறருடைய கணக்கில் உள்ள சாய்வைக் காட்டத் தெரிந்தவருக்குத் தம் ஆய்வகத்தின் கணக்கைக் காக்கத் தெரியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பீட்டுக் குழு என்றேன். அது என்னவென்று விளக்கியாக வேண்டும். என் சொந்த ஊர் காவிரியின் கடைமடை. தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பின்னும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்காது. ஒருவர் புதிய விதை ஒன்றை எங்கள் ஊரில் விதைத்து, பழைய விதையைத் தலைமடையில் விதைத்து, அறுவடையில் இரண்டையும் எடை போட்டுப் பார்த்து, புதிய விதை சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னால் எங்கள் ஊர்ச் சிறுவனும் சிரிப்பான். விதையைச் சோதிக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே வாய்க்காலின் கரையில் விதைக்க வேண்டும். கோகெய்ன் பயன்படுத்திய ஏழைத் தாயின் பிள்ளையை நகரின் மறுகோடியில் வசதியாக வளரும் பிள்ளையோடு ஒப்பிட்டால் நாம் அளப்பது கோகெய்னையா, வாய்க்காலையா?

பிலடெல்பியா நகரில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவ மையத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைவராக இருந்த ஹாலம் ஹர்ட் என்ற பெண் மருத்துவர், 1989-இல் தொடங்கிய ஆய்வில் இரண்டையும் ஒரே கரையில் விதைத்துப் பார்த்தார். 224 சிசுக்கள், அனைவரும் நிறைமாதத்திலோ அதற்கு அண்மையிலோ பிறந்தவர்கள். ஏறக்குறையப் பாதிப்பேரின் தாய்மார் கோகெய்ன் பயன்படுத்தியவர்கள், மறுபாதியினர் பயன்படுத்தாதவர்கள். இரு சாராரும் ஏழைகள். பெரும்பாலும் ஒரே இனத்தவர், ஒரே நகரத்தவர். பழக்கத்தின் தீங்கைத் துல்லியமாக அளந்துவிடலாம் என்றுதான் ஹர்ட் தொடங்கினார்.

நான்கு வயதில் நுண்ணறிவு ஈவை அளந்தார்கள். கோகெய்ன் பட்ட பிள்ளைகளின் சராசரி 79.0, படாத பிள்ளைகளின் சராசரி 81.9. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 90 முதல் 109 வரை இயல்பு எனக் கொள்ளும் அளவையில், இரண்டுமே கீழே கிடந்தன! ஆறு வயதில் எழுத்தறிவும் எண்ணறிவும் சோதித்தார்கள். இரு குழுக்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளை இயல்புக்குக் கீழே. கோகெய்னைத் தேடிப் போனவர்களுக்கு வேறு ஏதோ ஒன்று இரு வயல்களையும் சேர்த்தே வாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பார்வையைத் திருப்பினார்கள். அப்பிள்ளைகள் ஏழு வயதிற்குள் எவற்றைக் கண்டும் கேட்டும் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். நூற்றுக்கு 81 பேர், காவலர் ஒருவரைக் கைது செய்து கொண்டுபோவதைக் கண்டிருந்தார்கள். 74 பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 35 பேர் ஒரு மனிதர் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 19 பேர் தெருவில் பிணம் கிடப்பதைப் பார்த்திருந்தார்கள். ஏழு வயது, வாசகரே! நம் வீட்டில் அந்த வயதில் பால்பல் விழுந்ததற்கு ஊரைக் கூட்டுகிறோம்.

அதே தெருக்களிலும் சில பிள்ளைகள் மேலே வந்தார்கள். வீட்டில் அன்பு காட்டவும் பேச்சுக் கொடுக்கவும் ஆள் இருந்த பிள்ளைகள் அவர்கள். ஏறக்குறைய 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2013 அளவில் ஹர்ட் வந்தடைந்த முடிவு இதுதான்: நகரத்து ஏழைப் பிள்ளையின் வாழ்வில் கருவிலே பட்ட கோகெய்னைவிட வறுமையின் கை வலியது.

கோகெய்ன் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது பேற்றைக் கெடுக்கிறது. சிசுவின் எடையைக் குறைக்கிறது. கவனத்திலும் நடத்தையிலும் சிறிய வேறுபாடுகளைக் கண்ட ஆய்வுகளும் உண்டு. பாஸ்டன் நகரின் டெபோரா ஃப்ராங்க் என்பவரும் துணைவர்களும் 2001-இல் 36 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு, கோகெய்ன் மீது சுமத்தப்பட்டவற்றுள் பல, புகையிலை, மது, கஞ்சா, பிள்ளை வளரும் சூழல் ஆகியவற்றோடும் பின்னிக் கிடப்பவை என்று காட்டினார்கள். கருவிலுள்ள சிசுவை மது எத்துணை கெடுக்கும் என்பது 1973 முதலே மருத்துவ உலகில் பேசப்படுவது. 'மதுக் குழந்தை' என்று எந்தப் பத்திரிகையாவது ஒரு தலைமுறைக்குப் பெயர் சூட்டியதா?

இன்னொரு நுட்பம் உண்டு. புள்ளியியல் படித்தவர்களையும் எளிதில் ஏமாற்றிவிடும். எந்தத் தாய் பயன்படுத்தினார், எவர் பயன்படுத்தவில்லை என்ற பட்டியல் எங்கிருந்து வருகிறது? யாரைச் சோதிக்கிறோமோ அவர்களிடமிருந்து. 1990-இல், முன்னர்க் குறிப்பிட்ட அதே சாஸ்னாஃப், ஃப்ளோரிடா மாநிலத்தின் பினெல்லஸ் மாவட்டத்தில் கருவுற்ற பெண்கள் 715 பேரின் சிறுநீரைப் பெயர் குறிக்காமல் சோதித்து முடிவை வெளியிட்டார். போதைப்பொருளோ மதுவோ தெரிந்தவர்கள் வெள்ளை இனத்தாரில் நூற்றுக்கு 15.4, கருப்பினத்தாரில் 14.1. அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்கும் தனியார் மருத்துவரிடம் போனவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பேற்றுக்குப் பின் அதிகாரிகளிடம் புகார் செய்யப்பட்ட விகிதத்தைப் பார்த்தால், கருப்பினப் பெண்கள் ஏறக்குறையப் பத்து மடங்கு! பழக்கம் சமம், பட்டியலோ சமமன்று. அச்சம் கிளப்பிய முதற் கட்டுரையை எழுதியவரே இதையும் எழுதினார் என்பதை அவர் பங்கில் வரவு வைக்க வேண்டும்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1989-இல் தொடங்கிய ஏற்பாடு இன்னும் கொடியது. அங்கே பொது மருத்துவமனை ஒன்று, பேற்றுக்கு வந்த பெண்களின் சிறுநீரை அவர்கள் இசைவின்றிச் சோதித்து முடிவைக் காவல்துறைக்கு அளித்தது. கைதான 30 பெண்களில் 29 பேர் கருப்பினத்தவர். அரசியல் சட்டத்திற்கு முரணான சோதனை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் தங்கை மகளிடம் வருகிறேன். அவளுடையது கோகெய்ன் காலமன்று. அபினி வகை வலிமருந்துகளின் காலம். அம்மருந்துகளுக்குப் பழகிய தாயின் சிசு, பிறந்தவுடன் மருந்து அற்றுப்போனதால் நடுங்கி அழும் நிலை, அமெரிக்காவில் 2000-இல் ஆயிரம் பேற்றுக்கு 1.2 ஆக இருந்தது, 2012-இல் 5.8 ஆயிற்று. அந்நிலையில் பிறந்த பிள்ளைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்து, அவர்கள் பேச்சு எவ்வாறு வளர்கிறது என்று அவள் பார்க்கிறாள். வீடு வீடாகப் போகிறாள். தாய்மார் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றே என்றாள்: "இதை யார் பார்ப்பார்கள்?" ஆய்வில் சொல்வதை வழக்குமன்றத்திற்கு இழுக்க முடியாதபடி காக்கும் சான்று ஒன்று அரசு நல்கும் ஆய்வுகளுக்கு உண்டு. அதை அவள் விளக்குகிறாள். தாய்மார் தலையசைக்கிறார்கள். நம்புகிறார்களா என்பது வேறு. சார்ல்ஸ்டனில் நடந்தது அந்தத் தெருக்களில் பாட்டி சொல்லும் கதைபோல் இன்னும் இருக்கிறது.

ஹர்ட் தம் ஆய்வைத் தொடங்கியபோது ஒரு பிரிவின் தலைவர். 25 ஆண்டுகள் காத்திருக்க அவருக்கு நாற்காலி இருந்தது. தொடக்க நிலை ஆய்வாளருக்கு அது இல்லை. ஐந்தாறு ஆண்டு ஆய்வு மாணவர், பின்னர் ஈராண்டோ மூவாண்டோ ஒப்பந்தம், பின்னர் இன்னொன்று. அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களிடமிருந்து சொந்தப் பெயரில் முதற் பெரு நல்கை கிடைக்கும்போது சராசரி வயது நாற்பதைக் கடந்துவிடுகிறது. கருப்பின ஆய்வாளரின் விண்ணப்பம் வெற்றி பெறும் வாய்ப்பு வெள்ளை இனத்தவருடையதைவிட நூற்றுக்குப் பத்துப் புள்ளி குறைவு என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு கூறியது. ஏன் என்று தேடிய 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் தேர்ந்தெடுக்கும் பொருளால் விளைவது என்றது. ஊர் மக்களின் உடல்நலம், ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை ஆராய விரும்புகிறவர்கள் அவர்களிடையே மிகுதி. அப்பொருள்களுக்கு நல்கை குறைவு. கடைமடையை ஆராய வருகிறவரும் கடைமடையிலேயே நிறுத்தப்படுகிறார் போலும். 2025-இல் இத்தகைய ஆய்வுகளுக்கு வழங்கப்பட்டிருந்த நல்கைகள் நூற்றுக்கணக்கில் இடையிலே நிறுத்தப்பட்டு, அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

இந்த நிலையில்தான் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்தாள். தேசியச் சராசரியோடு ஒப்பிட்டால் அவள் பார்க்கும் பிள்ளைகளின் பேச்சு பின்தங்கியிருக்கிறது. அதே தெருவில், போதையே அறியாத தாய்மாரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. முதல் அட்டவணையைக் கொண்டு கட்டுரை எழுதினால் நல்ல இதழ் எடுத்துக்கொள்ளும், இரண்டாவதைப் பின்னர்ப் பார்க்கலாம் என்பது அவளுடைய வழிகாட்டியின் அறிவுரை. அவளுக்கு உதவித்தொகை எஞ்சியிருந்தது 14 மாதம்.

"அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, மாமா. பிள்ளைகள் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு அந்த அம்மாக்களைத்தானே பேசுவார்கள்?"

"இரண்டு அட்டவணையையும் ஒரே பக்கத்தில் போடு, அம்மா" என்றேன். "ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்க முடியாதபடி."

"ஒரே பக்கத்தில் போட இடம் கொடுப்பார்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புள்ளியியல் அத்தனை தூரம் வருவதில்லை. வழிகாட்டியைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. தம் மாணவி வேலையின்றி நிற்கக்கூடாது என்றே அவரும் நினைத்திருப்பார். ஆயினும் 1989-ஆம் ஆண்டின் அந்தக் கணக்கை, 28-ஐயும் ஒன்றையும், அவளுக்கு எழுதி அனுப்பினேன். தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

இரண்டு அட்டவணைகளோடும் கட்டுரை போயிற்று. முதல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாம் இதழிலிருந்து இன்னும் செய்தி இல்லை. இதற்கிடையில் தன் கேள்வித்தாளில் புதிய வினா ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்: கடந்த ஓராண்டில் எத்தனை முறை வீடு மாறினீர்கள்? வாடகை கட்ட முடியாமல் மூன்று முறை, நான்கு முறை மாறியவர்கள் இரு குழுவிலும் இருக்கிறார்கள். பேச்சு பழகும் வயதில் பிள்ளைக்கு எதிர்வீடும் பக்கத்து வீடும் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வாரம் அழைத்தபோது குரலில் களைப்பு. இரண்டு வயது நிறையும் ஒரு சிறுமியைச் சோதிக்கப் போனாளாம். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள், தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. பழைய வீட்டுக்குக் கீழேயிருந்த சலவைக் கடைக்காரருக்குப் புதிய முகவரி தெரிந்திருக்கலாம் என்று நாளை மீண்டும் போகிறாள்.